கிடாரில் பேசிய மாமியார்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கடையநல்லூர் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் போர்வை சுற்றிய எலெக்ட்ரிக் கிடார்.

“பாகம் பாகமா கிட்டு வாங்கி நானே பூட்டுன கிடாருட்டி இது. மொத நாளு ஸ்பீக்கர்ல போட்டா, அதுல எங்கத்தை பேசுதாவ.”

அதன்பிறகு நான் செல்போனைப் பார்க்கவில்லை.

“கிடார்லயா?”

“ஆமா. பக்கத்துல நின்னு என்னைய ஏசுதாவ, அது ஸ்பீக்கர்ல தெருவுக்கே கேக்கு. கம்பிச் சத்தத்தப் புடிக்கதுக்கு அடியில பிக்கப்புன்னு ஒண்ணு இருக்குல்லா, அதுல சுத்துன செம்புக் கம்பி தளர்வா இருந்திருக்கு. பேச்சையும் சேத்துப் புடிச்சிட்டு.”

“தூரப் போட்டுட்டு வேற வாங்க வேண்டியதான?”

“எங்க வீட்டுக்காரரும் அதான் சொன்னாவ. நான் விடல. இட்லிக் கொப்பரையில தண்ணி கொதிக்க வச்சு, அதுக்குள்ள ஒரு கிண்ணத்துல கிறிஸ்மஸுக்கு வாங்குன மெழுகுவர்த்தியப் பூரா உருக்கி, பிக்கப்ப முக்கிட்டேன். உள்ள இருந்த காத்து குமிழு குமிழா வந்துச்சு. அது அடங்குனதும் எடுத்து, மெழுகு இறுகிக் கம்பி ஆடாம நின்னதும் மாட்டி, ‘அத்தை, கிட்ட வந்து ஏசுங்க’ன்னேன்.”

“ஏசுனாவளா?”

“கேக்கணுமா? இட்லிக் கொப்பரைக்கும் சேத்து ஏசுனாவ. ஸ்பீக்கர் வாயே தெறக்கல. கம்பியத் தட்டுனேன், கணீர்னு கேட்டுச்சு.”

டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

“அதுக்கு என்ன சொன்னாவ?”

“விறுவிறுன்னு போயி எதுத்த வீட்டு அக்காவக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாவ. ‘எம் மருமவ செஞ்சது. நீ கத்துட்டி, சத்தம் ஸ்பீக்கர்ல ஏறுதான்னு பாப்போம்’ங்காவ.”