தெற்கே தலை வைத்த முதல் வரிசை

டுமீல். டுமீல். டுமீல்.

"ஓடுங்கடா! நம்மளத்தான் சுடுறானுங்க!"

கத்துகிறவன் மாரிமுத்துக் கங்காணி. முதலில் ஓடுகிறவனும் அவன்தான். ஆட்கள் தேயிலைக்குள் பாய்கிறார்கள். சவப்பெட்டி குழிக்குள் பாதி இறங்கியிருக்கிறது. தலைமாட்டுக் கயிறு என் கையில். கால்மாட்டுக் கயிறு என் தங்கை புருஷன் சடையன் கையில். அவன் கத்துகிறான்.

"மச்சான், விட்டுறாத! பொட்டி கவுந்துரும்!"

விடவில்லை.

அது செத்தவனுக்குப் போட்ட மரியாதை வெடி. எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் ராமையா. எழுத்துக் கூட்டி எழுதுகிறவன். வெறுங்காலோடு வந்து தியத்தலாவை மலையில் பாதை போட்டேன். மதில் கட்டினேன். மழையில் இரண்டு தடவை சரிந்த வேதக்கோவில் சுவரை மூன்றாம் தடவை நிறுத்தினேன். இன்று பதுளைக் கடைவீதியில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்களுக்குள் நடந்த போயர் சண்டையில் பிடிபட்ட சிப்பாய்களை இங்கே கம்பிவேலிக்குள் வைத்திருந்தார்கள். காய்ச்சலில் செத்தார்கள். குழி வெட்டத் துரை எங்களை அனுப்பினார். முதல் நாள் நாலு குழி. நம் வழக்கப்படி தெற்கே தலை வைத்து வெட்டினேன். பாதிரியார் பார்த்துத் திகைத்தார். அவர்களுக்குத் தலை மேற்கே இருக்க வேண்டுமாம். மழை கொட்டுகிறது. பெட்டிகள் நனைகின்றன. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த நாளிலிருந்து திசையை மாற்றினோம்.

பெட்டி தூக்கிய சடையனுக்கும் காய்ச்சல் கண்டது. அவனோடு அது எங்கள் வரிசை வீட்டு லயத்துக்குள்ளும் வந்தது.

சண்டை முடிந்து, செத்த சிப்பாய்கள் நினைவாக அந்த வேதக்கோவில் எழும்பியது. திறப்பு நாளில் துரை சரிகைத் தலைப்பாகை கட்டினார். மாரிமுத்துவுக்கு. வாசல் கல்லிலும் கட்டியவன் என்று அவன் பெயர். சாந்து காயாத கையோடு நான் கூட்டத்தில் நிற்கிறேன்.

"என்னப்பா ராமையா, பின்னால நிக்கிற? கிட்ட வந்து தலப்பாவப் பாரு."

"நல்லா இருக்குங்க கங்காணி. மறுபடி வெடி போட்டா தேயிலையில மாட்டிக்காமப் பாத்துக்கங்க."

சிரித்தார்கள். தலைப்பாகை அவன் தலையிலேயே இருந்தது. என் வயிறு எரிந்தது. அவன் செத்தும் எரிகிறது.

வேலிக்குள்ளே செத்தவர்களுக்கு ஆளுக்கொரு கல். வேலிக்கு வெளியே என் சடையன். என் தங்கை. அவள் வயிற்றில் இருந்தது. மூன்று உயிர். ஒரு கல்கூட இல்லை.

கோவில் பார்க்க வருகிறவர்களே, கல்லறைக்கும் போங்கள். எல்லாம் கிழக்கே பார்க்கும். முதல் வரிசையில் நாலு மட்டும் வடக்கே பார்க்கும். தலைப்பாகைக்காரன் வெட்டியதல்ல அது. நான் வெட்டியது. வாசல் கல்லில் அவன் பெயரைச் செதுக்கி எடுங்கள். ராமையா என்று வெட்டுங்கள். பக்கத்திலேயே சடையன் என்றும் வெட்டுங்கள். கயிற்றை விடாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.