அமுத்துங்க, உடுங்க

பல்லடம் போகும் பேருந்தில் என் முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்: "நேத்து ஒரு மணி நேரம் எங்கூட்டுக்காரரு நாஞ்சொன்னபடியே கேட்டாருங்க்கா."

"அதெப்படி கண்ணு?"

"தோப்புல ஓட்டற நாலு சக்கர பைக்குக்கு பிரேக் ஆயில் மாத்துனோமுங்க. அவரு மேல உக்காந்து பிரேக்க அமுத்திப் புடிக்கோணும், நான் கீழ திருகாணியத் தெறந்து பழைய ஆயில வெளிய உட்டுப்போட்டு மூடோணும். நான் மூடறதுக்குள்ள அவரு கைய எடுத்தா உள்ள காத்து பூந்துக்குமுங்க, அப்பறம் பிரேக் புடிக்காது. 'அமுத்துங்க, புடிங்க, இப்ப உடுங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தனுங்க."

"பிரேக் புடிச்சுதா?"

"கெணத்துமேட்டு எறக்கத்துல அவரே ஓட்டிப் பாத்தாரு. புடிச்ச எடத்துல நின்னுச்சுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு, ஆரு மெக்கானிக்குன்னு கேட்டாரு."

"அதுக்கு உங்கூட்டுக்காரரு என்ன சொன்னாரு?"

இதை மட்டும் பேருந்தே கேட்கும்படி சொன்னாள்: "'எங்கூட்டம்மாதானுங்க மெக்கானிக்கு. நான் ஹெல்ப்பருங்க'ன்னாரு!"