பந்து என் கை வழியாகத்தான் போகும்

கை வைத்த நாற்காலி போட்டதற்கு நன்றி. விக்கெட் கீப்பருக்கு முதலில் போவது முழங்கால்தான். இத்தனை வருடம் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்தவனுக்கு உட்காரும்போது ஒன்றும் தெரியாது. எழுந்திருக்கும்போதுதான் யாராவது கை கொடுக்க மாட்டார்களா என்று இருக்கும்.

விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூன்று பேரும் என்னை ஒரே ஒரு கேள்விக்காகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பந்தைச் சுரண்டி மாட்டிக்கொண்டு, இரண்டு வருடத் தடையில் ஒரு வருடத்தைக் கழித்துவிட்ட பையன்மேல் இரக்கம் காட்டலாமா, மன்னித்து மறுபடி அணியில் சேர்க்கலாமா என்பது கேள்வி. நான் அணியின் கேப்டன். அவனுக்கு அக்கா புருஷனும்கூட. செயலாளர் ஐயா வராந்தாவிலேயே என் தோளில் கை போட்டு, "நீங்க ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லிட்டா போதும், இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றார். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மரச்சாமான் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான். அலமாரிகளுக்கு அட்டை சுற்றும் பிரிவில் போட்டார்கள். நான் பாலிஷ் பிரிவுக்கு மேற்பார்வை. எங்கள் வீட்டு முன்னறையில்தான் தங்கினான். கட்டிலுக்கு வெளியே அவன் கால் நீட்டிக்கொண்டிருக்கும், காலையில் நான் தாண்டித்தான் போக வேண்டும். வந்த அன்றே வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அணியில் அவனுக்கு ஏணி என்று பெயர் வைத்தார்கள். எனக்கு ஏற்கெனவே பூட்டு என்று பெயர். என்னைத் தாண்டி எதுவும் போகாதாம்.

கல்யாணம் ஆனதிலிருந்து என் மனைவி ஒரு மேட்ச் பார்க்க வந்ததில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாது என்பாள். தம்பி பந்து போட ஆரம்பித்ததும் வெயில் ஒத்துக்கொண்டது. குடையும் தண்ணீர் பாட்டிலுமாக எல்லைக் கோட்டோரம் வந்து உட்கார்ந்துவிடுவாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவன் எடுத்த விக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லுவாள். அத்தனையையும் நான் அவனுக்கு நேரெதிரே நின்று பார்த்தவன் என்பது அவளுக்குத் தோன்றாது. பொறாமை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு ஆட்சேபமில்லை. வயிறு எரிந்தது. ஆனால் வயிறு எரிகிறவன் எல்லோரும் கெட்டவன் இல்லையே. நான் அவனுக்கு உதவி செய்யத்தான் நினைத்தேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பந்தின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால் அது காற்றில் வளையும். ஒவ்வொரு முறையும் பந்து கீப்பர் கைக்கு வந்து, இரண்டு மூன்று பேர் கை மாறி, அப்புறம்தான் பௌலரிடம் போகும். பந்து வளைந்தால் எல்லோரும் பௌலரைப் பார்ப்பார்கள். கீப்பரை யாரும் பார்ப்பதில்லை. பாலிஷ் பிரிவில் உப்புத்தாளுக்குப் பஞ்சமா? விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, என் கையுறையின் கட்டைவிரல் மடிப்புக்குள் தைத்துக்கொண்டேன். பந்தைப் பிடித்ததும் ஒரே ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான். அவனுக்குத் தெரியாது. கையில் வரும் பந்தை வாங்கினான், போட்டான்.

விக்கெட்டுகள் விழுந்தன. அவள் குடையை மடக்கிக் கை தட்டினாள். எனக்கு அப்போது வயிறு எரியவில்லை, ஐயா. இதில் பாதி என் கட்டைவிரல் எடுத்தது என்று தெரிந்திருந்ததால் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த மூன்று நான்கு மாதம் அவன்மேல் எனக்கு உண்மையான பாசம் இருந்தது. புது ஷூகூட வாங்கிக் கொடுத்தேன்.

இரக்கமா கண்டிப்பா என்று நீங்கள் எதை யோசித்தாலும், என்னைப் பொறுத்தவரை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆரம்பித்தது. அன்று என் கையுறையின் தையல் விட்டுப்போய்விட்டது. சரி பண்ண நேரமில்லாமல் இரவல் கையுறையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அதில் உப்புத்தாள் இல்லை. நான் பந்தை ஒன்றும் செய்யவில்லை. அவன் ஆறு விக்கெட் எடுத்தான். அதற்கு முன்னால் அவன் அவ்வளவு எடுத்ததே கிடையாது.

நான் இல்லாமலே, ஐயா. நான் தேய்த்ததெல்லாம் அவனுக்கு இடைஞ்சலாகத்தான் இருந்ததோ என்னவோ. ஒவ்வொரு பந்தும் சுத்தமாக, சத்தமாக என் கைக்குள் வந்து விழுந்தது. உள்ளங்கை வலித்தது. நான் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தேன். அன்று எடுத்த படத்தில்கூட அப்படித்தான் இருக்கிறேன், சிரித்த முகமாக.

அன்று மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர் வந்திருந்தார். என் இளமையிலும் ஒரு தேர்வாளர் வந்திருந்தார், தேநீர் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார். இவர் கடைசிவரை இருந்தார். என்னிடம் வந்து, "நீங்கதான் அந்தப் பையனோட கீப்பரா? அரையிறுதிக்கு வர்றேன். நல்லா பண்ணான்னா மேல கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். அந்தப் பையனோட கீப்பர். அணியை நான் எத்தனையோ வருடமாகத் தூக்கிச் சுமந்தவன். அன்றுமுதல் யாரோ ஒருவனுடைய கீப்பர்.

அரையிறுதிக்கு முன்பு அவனுடைய துண்டை எடுத்துக்கொண்டேன். வியர்வை துடைக்க இடுப்பில் செருகிக்கொள்வானே, அந்தச் சின்ன வெள்ளைத் துண்டு. சாப்பாட்டு நேரத்தில் பாலிஷ் பிரிவில் யாரும் இருக்க மாட்டார்கள். துண்டின் ஓரத்தைப் பிரித்து, உள்ளே உப்புத்தாளை வைத்து, கையுறை தைக்கும் மெழுகு நூலால் தைத்தேன். விளிம்பு மட்டும் லேசாக வெளியே தெரியும்படி விட்டேன். என் தையலில் எப்போதும் ஒரு ஒழுங்கு இருக்கும். மேட்ச் அன்று காலையில் அதை அவன் பையில் மடித்து வைத்தபோது, "மாமா, நீங்க எதுக்கு மாமா இதெல்லாம் பண்றீங்க" என்று கூச்சப்பட்டான்.

பந்தைத் தேய்த்ததும் நான்தான். நன்றாகத் தேய்த்தேன், குருடனுக்கும் தெரிகிற மாதிரி. அப்புறம் அம்பயரிடம் போய், பந்து ஒரு பக்கம் ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். பார்த்தார். அவன் இடுப்பிலிருந்து துண்டை உருவினார். என் மனைவி குடையை விரித்தபடியே எழுந்து நின்றாள். தேர்வாளர் தன் காரைப் பார்த்து நடந்தார்.

சொந்த மச்சினன் என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னவன் என்று நீங்கள் எனக்கு நேர்மைக் கேடயம் கொடுத்தீர்கள். டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். அவன்தான் ஆணி அடித்து மாட்டினான். ஏணி தேவைப்படவில்லை.

விசாரணைக்குப் போகும்போது பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நான் பண்ணலையே."

"எனக்குத் தெரியாதாடா? ஆனா துண்டு உன் இடுப்புல இருந்துச்சு. இல்லவே இல்லைன்னு சாதிச்சா ஆயுசுக்கும் தடை போட்டுடுவாங்க. ஒத்துக்கோ. சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்னு இரக்கப்படுவாங்க."

டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, "நீங்க சொன்னா சரி மாமா. அக்காவை மட்டும் அங்க கூட்டிட்டு வராதீங்க" என்றான். உங்கள் முன்னால் இதே அறையில் ஒத்துக்கொண்டான். நானும் எழுந்து அவனுக்காக மன்னிப்புக் கேட்டேன். என் குரல் தழுதழுத்தது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள்.

இந்த ஒரு வருடம் அவனை நான் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, "அந்த விஷயத்தைப் பத்தி அவன்கிட்ட மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க, பாவம்" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புவேன். சிலருக்கு எந்த விஷயம் என்றே தெரியாது. உட்கார வைத்து விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கும். தொழிற்சாலையிலும் அப்படித்தான். புதிதாகச் சேர்கிறவர்களிடம்கூட அவன்மேல் இரக்கம் காட்டச் சொன்னேன். யார் அவனைப் பார்த்தாலும் முகத்தில் ஒரு பரிதாபத்தை வரவழைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவன் தலை நிலையில் இடிப்பது நின்றுவிட்டது. குனிந்தே நடக்கப் பழகிவிட்டான். என் மனைவி இப்போது மேட்ச் பார்க்க வருவதில்லை. மறுபடியும் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால் என் ஆட்டத்தைப் பற்றி விசாரிக்கிறாள். நான் சந்தோஷமாக இருந்தேன், ஐயா. மறைப்பானேன்.

போன வாரம்தான் அது கெட்டது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், பின்கட்டுப் படியில் உட்கார்ந்து என் கையுறையைத் தைத்துக்கொண்டிருக்கிறான். அக்கா சொன்னாளாம், கிழிந்திருக்கிறது என்று. நீள நீளமாகத் தைத்திருந்தான், அசிங்கமாக.

"உங்க தையல் எனக்கு வராது மாமா" என்றான். "அந்தத் துண்டுல எவ்வளவு அழகா தைச்சிருந்தீங்க. இதே நூல்."

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றிக்கொண்டே இருந்தேன்.

"அம்பயர் உப்புத்தாளை மட்டும் எடுத்துக்கிட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுத்த அன்னைக்கே, விசாரணைக்கு முன்னாடியே பார்த்துட்டேன். அக்காகிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "விடுங்க மாமா. எனக்கு வயசு இருக்கு. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லை."

கோபம் இருக்கிறதா என்று அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஒரு துளிகூட இல்லை. பேருந்தில் என் பேச்சைக் கேட்டுத்தான் ஒத்துக்கொண்டான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் இல்லையாம். தெரிந்தே, என் குடும்பம் கெட்டுவிடக் கூடாது என்று, தானாகவே தலையைக் கொடுத்திருக்கிறான். ஒரு வருடம் நான் ஊர் முழுக்க அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் அதே வீட்டில் என் கட்டிலுக்கு நாலடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், விக்கெட்டைப் போலவே இதிலும் என்னை முந்திவிட்டானே என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. பெரிய மனசு என்று ஒன்று அந்த வீட்டில் இருந்தால் அது என்னுடையது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். அவன் அதைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆகவே அவன் மறைத்து வைத்திருப்பதை நானே போட்டு உடைத்துவிடுகிறேன். எல்லாருக்கும் தெரிந்துபோன ஒன்றை அவன் எப்படி மறைத்துக் காப்பாற்ற முடியும்? இனி அவனிடம் அந்தப் பெருமை இருக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவனை மன்னிக்க முடியாது. மன்னிக்க வேண்டுமானால் அவன் ஏதாவது செய்திருக்க வேண்டும். அவன் எதையும் செய்யவில்லை. பந்தைத் தேய்த்தது நான், துண்டைத் தைத்தது நான், அம்பயரிடம் சொன்னது நான், ஒத்துக்கொள்ள வைத்தது நான். கேடயத்தை நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆயுள் தடை என்றால் ஆயுள் தடை, வேலை போகும் என்றால் போகட்டும். குறைத்துக்கொடுக்க வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இதைக் கேள்விப்பட்டதும் உள்ளே வந்து, எனக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்பான். எனக்கு அவனைத் தெரியும். கட்டாயம் கேட்பான், நான் கேட்டதைவிட நன்றாகக் கேட்பான்.

தயவுசெய்து அவனை மட்டும் உள்ளே விடாதீர்கள்.