ஈரத்துக்குக் கழித்த இரண்டு பிடி

பீர்மேட்டில் நான் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். அன்று நல்ல மழை; நனைந்த கொழுந்தென்றால் எடையில் ஈரத்துக்கென்று கழித்துவிடுவார்கள். எடைக் கொட்டகையில் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் நின்றவள், தன் கொழுந்தை நிறுத்து முடித்ததும், காலிச் சாக்கில் தன் நாயை உட்கார வைத்துத் தராசுக் கொக்கியில் மாட்டினாள். குட்டி போட்டு எலும்பும் தோலுமாகிவிட்ட நாய். தலையை மட்டும் வெளியே நீட்டிக் குரைத்தது.

"என்னம்மா இது, கொழுந்து குலைக்குது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரு, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஒரு புடி சோறு வைக்கச் சொன்னாருய்யா. எத்தன கிலோன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் முள்ளைப் பார்த்தார். "பதினாலு. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு போனா பதினொண்ணு."

"நாய்க்குமாய்யா ஈரம் கழிப்பீங்க? அஞ்சு குட்டி பால் குடிக்குது. ரெண்டு புடி கொறஞ்சிருமே!"

அவர் பென்சிலைக் காதில் செருகினார். "பழக்கதோசம். பதிமூணுன்னு வச்சுக்க."

"கழிச்சதத் திருப்பிக் குடுத்துட்டாருடி!" என்றாள் பின்னால் ஒருத்தி. "நாளைக்கு நானும் சாக்குக்குள்ள ஏறி உக்காந்துக்கிடுதேன்."

கொட்டகையே சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரிக்காமல், நாயின் அடிவயிற்றைத் தாங்கி மெல்ல இறக்கிவிட்டார்.

"ஐயா, புடின்னா ஏங் கைப்புடியா, உங்க கைப்புடியா?" என்றாள் நாய்க்காரி.

கம்பவுண்டர் அதைச் சொல்லியிருக்கவில்லை போலும். கணக்கப்பிள்ளை நாயின் விலாவைப் பார்த்தார். பிறகு தன் அகலமான கையை விரித்துக் காட்டினார்.

"இந்தக் கைப்புடிம்மா."