எட்டடிக் குழி

மணி ஒன்றரை இருக்கும். ராத்திரி ஒன்றரை இல்லை... பகல் ஒன்றரை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தள்ளி உட்காரலாம். மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி வாருங்கள். கரண்ட் வரும்வரைக்கும் எப்படியும் யாருக்கும் தூக்கம் வரப்போவதில்லை.

கைவிட்ட கல் குவாரிக்குப் பின்னால் ஒரு மண் பாதை. லாரிச் சக்கரம் ஓடி ஓடி இரண்டு கோடாக அமுங்கிப்போன பாதை. கடைசி லாரி போய் ஒன்பது வருஷம். மரம் கிடையாது. ஆள் கிடையாது. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. அந்தப் பாதையில் ஒரு ஸ்கூட்டர் போகிறது. ஓட்டுகிறவன் மச்சினன். பின்னால் இருப்பவர் அவனுடைய அக்கா புருஷன்.

அந்த அக்கா புருஷன் என் நண்பனுக்குப் பெரியப்பா. நடந்தது அவருக்குத்தான். முப்பது வருஷம் பாறையில் குழி போட்டே பிழைத்தவர். வெடி வைக்கும் முன் பாறையில் ஆழமாகத் துளை இறக்க வேண்டும் இல்லையா, அந்த வேலை. கம்ப்ரசர்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். அந்த இயந்திரத்தின் இரைச்சலில் வலது காது முழுசாகப் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் இடது பக்கம் வந்துதான் பேசுவார்கள். மனைவிக்கு அதில் ஒரு வசதி. புருஷனைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்றால் வலது பக்கம் போய் நின்றுகொள்வாள்.

மச்சினனுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. அவனுக்கு ஒரு பைத்தியம். பாறைகளில் இருக்கிற பழைய கீறல்களைப் படம் எடுப்பான். கடையில் பெரிதாக்கி நோட்டில் ஒட்டுவான். எல்லாம் புதையலுக்கு வழி காட்டும் குறி என்று பக்கத்திலேயே அர்த்தம் எழுதுவான். ஆமை இருந்தால் காவல் இருக்கிறது. பாதம் இருந்தால் நட. அம்பு இருந்தால் அந்தத் திசை. குழிக்குள் விரல் எத்தனை கணு இறங்குகிறதோ அத்தனை முழம் தள்ளித் தோண்டு... இப்படிப் பதினோரு நோட்டு. நோட்டு சம்பாதிக்கப் போனவன் நோட்டுப் புத்தகம்தான் சம்பாதித்தான் என்று கடைத்தெருவில் சிரிப்பார்கள். அவன் பெயரே நோட்டு என்று ஆகிவிட்டது. கட்டினவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா வீட்டு உள்ளறையில்தான் படுக்கை. ஆசை மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு அவனோடு போகச் சொன்னதே அக்காதான். புருஷனின் இடது பக்கம் வந்து நின்று கேட்டாள்.

"நீங்க ஒரு தடவ போய்ப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லடான்னு சொல்லிடுங்க. கல்லப் பத்தி நீங்க சொன்னாதான் அவன் கேப்பான்."

அதற்காகத்தான் அவர் ஸ்கூட்டரில் ஏறினார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் தயார் செய்துகொண்டே போனார். இது அந்தக் காலத்தில் கல் உடைக்கிறவன் போட்ட வெடிக்குழி, இந்தக் கீறல் அவன் பொழுதுபோகாமல் கீறியது, போய்ப் பிழைப்பைப் பாரு.

பாறை ஒரு லாரி அளவு இருந்தது. பின்பக்கம் மண்மேட்டில் புதைந்து, முன்பக்கம் மட்டும் வெளியே நின்றது. அதில் ஒரு பாதி வட்டம், ஒரு கை, ஒரு அம்பு. கீழே வில் மாதிரி வளைந்த வரிசையில் ஐந்து குழிகள். கட்டைவிரல் மட்டும் போகிற குழிகள். நோட்டு மூச்சுவிடாமல் விளக்கம் சொன்னான். பாதி வட்டம் என்றால் குகை. கை என்றால் நில். ஐந்து குழி என்றால் ஐந்து பானை. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலை முதல் குழிக்குள் விட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். கையால் குழி போட்டாலும் சரி, இயந்திரத்தால் போட்டாலும் சரி, போகப் போக உளி முனை தேயும். அதனால் குழியின் வாய் அகலமாக இருக்கும், அடி குறுகலாக இருக்கும். உலகத்தில் எந்தக் குழியும் அப்படித்தான். இங்கே வாய் குறுகல். உள்ளே போகப் போக அகலம். கம்பியை வளைத்து உள்ளே விட்டுச் சுழற்றிப் பார்த்தார். ஐந்துமே அப்படித்தான். வெளியே நின்று போட்ட குழி இல்லை... உள்ளேயிருந்து யாரோ வெளியே பார்க்கப் போட்ட குழி.

கம்பி நுனியில் வெள்ளையாகக் கல்மாவு ஒட்டியிருந்தது. முகர்ந்தார். கல்லில் இரும்பு அடித்த மறுநிமிஷம் ஒரு கருகல் வாடை வரும். ஒரு மணி நேரத்தில் போய்விடும். அந்த வாடை இன்னும் அதில் இருந்தது.

இடது காதைக் குழியில் வைத்தார்.

டொக்... ஒரு மூச்சு இடைவெளி... டொக்.

அந்த இடைவெளி அவருக்குத் தெரியும். அடித்துவிட்டு, உளியைக் கால் திருப்புத் திருப்பிவிட்டு, மறுபடி அடிக்கிற இடைவெளி. அவரே சின்ன வயசில் அப்படித்தான் வேலை கற்றார்.

என்ன கேட்கிறது என்று மச்சினன் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை என்றார். தயார் செய்து வைத்திருந்ததை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். சாதாரணக் குழி, வா போகலாம் என்று. ஆனால் அவன் அதற்கு மடங்க மாட்டான் என்று பயந்தார். இனி அவன் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று ஒரு பெரிய பொய் சொன்னார்.

"இது வெடிக்காம நின்ன குழிடா தம்பி. உள்ள பழைய மருந்து இருக்கு. இதுமேல கை வச்சேன்னு வை, அள்ளிக் கட்டக்கூட மிஞ்ச மாட்ட."

அவன் முகம் வெளுத்தது. சரி மாமா என்றான். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான். அதைப் பார்த்தாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

நாலு நாள் கழிந்தது. ஐந்தாம் நாள் காலையில் உள்ளறையில் ஆள் இல்லை. ராத்திரி சாப்பிட்டதும் வெளியே போனவன் திரும்பவில்லை என்று மனைவி சொன்னாள். அவர் வேறெங்கும் தேடவில்லை. நேராகப் பாறைக்குப் போனார்.

மச்சினனின் ஸ்கூட்டர் அங்கே நின்றது. கடப்பாரை கிடந்தது. பாறைக்குப் பின்னால் மண்மேடு சரிந்து, ஈரமண்ணும் உருண்டைக் கல்லுமாகக் குவிந்திருந்தது. முன்பக்கம் வந்து, குழியில் வாயை வைத்துக் கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. மாமா...

அவன் குரல்தான். பின்பக்கமாகத் தோண்டி உள்ளே வந்துவிட்டதாகவும், வந்த வழி மூடிக்கொண்டதாகவும், மூச்சு முட்டுவதாகவும் சொன்னது. கெஞ்சியது. கடைசியில்,

"ஒரே ஒரு ஓட்டை போடுங்க மாமா. கொஞ்சம் பெருசா."

அவர் ஓடினார். இத்தனை வருஷம் கல்லோடு பழகியவருக்கு அந்த நேரத்தில் யோசிக்கப் புத்தி ஓடவில்லை. உள்ளே இருப்பது மனைவியின் தம்பி. அனுப்பி வைத்தவள் அவள், பொய் சொன்னவர் இவர். ஊருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் நிறுத்தும் ஷெட்டுக்குப் போய், மண் அள்ளும் வண்டிக்காரனிடம் ஆள் புதைந்திருக்கிறான் என்றார். கைவேலையை முடித்துவிட்டு மூன்று மணிக்குள் வருகிறேன் என்றான் அவன். அதுவரை உள்ளே மூச்சு தாங்குமா? டிராக்டரில் இருந்த கம்ப்ரசரைத் தானே ஓட்டிக்கொண்டு திரும்பினார். ஒரு மணிக்கு இயந்திரத்தை முடுக்கினார்.

பாறை இரும்பாக இருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றி இறக்கினார். இரண்டு முனை மழுங்கியது. தூசி மூக்கில் ஏறி, வாயில் ஏறி, வியர்வையோடு சேர்ந்து முகத்தில் சாந்தாகக் காய்ந்தது. குரல் வழி சொல்லிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் இடது பக்கம் மாமா... கொஞ்சம் கீழே... அப்படித்தான். அதன்படியே இறக்கினார். நாலடி. ஆறடி. எட்டாவது அடியில் திடீரென்று கம்பி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே விழுந்தது. காலியிடம்.

இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கம்பியை உருவினார்.

குழியிலிருந்து காற்று வந்தது. மெதுவாக... நீளமாக... சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு மாதிரி. கொளுத்தும் வெயிலில் அது சில்லென்று இருந்தது. உலராமல் மடித்து வைத்த துணியின் வாடை. முகத்தைத் தடவிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது.

"போதும் மாமா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை கூப்பிட்டும் பதில் இல்லை. அந்த அமைதியில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தக் குரல் மட்டும் இரண்டு மணி நேரமும் தெளிவாகக் கேட்டது. வலது காதில்.

மூன்று மணி தாண்டி வண்டி வந்தது. பின்பக்கத்து மண்ணை வாரினார்கள். ஆள் உயரம் வாரியதும் கை தெரிந்தது. நோட்டு குப்புறக் கிடந்தான். கழுத்து திரும்பியிருந்தது. அவன் தோண்டிய பள்ளத்துக்கு அப்பால் குகையும் இல்லை, வழியும் இல்லை. வெறும் பாறை. சட்டைப் பைக்குள் இருந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தான்: மேலே தொடக் கூடாது. மருந்து வைக்கும் அளவுக்கு ஒருவன் பாடுபட்டிருக்கிறான் என்றால் உள்ளே நிச்சயம் இருக்கிறது. பின்பக்கம், அடியில்.

அதைப் படித்துவிட்டு அவர் எழுந்து முன்பக்கம் போனார். எட்டடிக் கம்பியைத் தன் குழிக்குள் மறுபடி இறக்கினார். முனை ணங்கென்று கல்லில் இடித்தது. எங்கே இடித்தாலும் கல். காலியிடமே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். முந்தின ராத்திரி பத்து மணிக்கே உயிர் போயிருக்கிறது என்றார். மண் விழுந்த நிமிஷமே கழுத்து முறிந்திருக்கிறது, ஒரு சத்தம்கூடப் போட்டிருக்க மாட்டான் என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார், பாவம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, ஸ்கூட்டரைப் பார்த்தேன் என்றார் கம்ப்ரசர்காரர். குழி போட்டதைப் பற்றி வாய் திறக்கவில்லை. என்னவென்று சொல்வது?

பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி. ஒன்பது தடவை. எடுக்கத் தைரியம் வரவில்லை. இதைப் போனிலா சொல்வார்கள்... நேரில் போய், கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதுதான் நியாயம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வரும்போது ஆறரை மணி. தெருக்குழாயில் முகம் கழுவினார். கழுவிக் கழுவிப் பார்த்தார், தூசி போகவில்லை. வாசலில் விளக்கு எரிந்தது. மனைவி நின்றுகொண்டிருந்தாள். அழுத முகம் இல்லை. காலையிலிருந்து இருந்த கலக்கமும் இல்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்து, இடது பக்கம் வந்து, காதோடு சொன்னாள்.

"மெதுவா பேசுங்க. தம்பி தூங்குறான். எத்தன தடவ போன் பண்ணேன், எடுத்தா என்ன?"

அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. கதவு வரைக்கும் தரையில் வெள்ளைவெள்ளையாகக் கால்தடம்.

மூன்று மணி சுமாருக்கு வந்தானாம். தலையிலிருந்து கால்வரை கல்மாவாம். எங்கேடா போனாய் என்று கேட்கக் கேட்க, ஒரு குடம் தண்ணீரையும் நின்றபடியே குடித்தானாம். அப்புறம் உட்கார்ந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் எந்த இடத்தில் படுப்பார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டானாம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு நாள் வெளியே தங்கியதில் எல்லாமே மறந்துபோச்சு பாருங்கள் என்றாள்.

அவர் கால்தடத்தை மிதிக்காமல் தள்ளி நின்றார்.

"ஆனா உங்க மேல அவனுக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா? படுக்கப் போறப்ப சொல்லிட்டுப் போறான், 'மாமா கைக்கு ஈடே இல்லக்கா. எட்டடியும் கோணாம நேரா போட்டுக் குடுத்தாரு. இனி அது வழியா எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்துருவாங்க'ன்னு."