ஒற்றை நரைமுடி

அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி தாண்டிவிட்டது. கடலை ஒட்டிய சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. லாரியில் நாங்கள் இரண்டே பேர். ஓட்டுவது மீசை. பக்கத்தில் நான்.

மீசையை உங்களுக்குத் தெரியும். எதிர்ச்சாரியில் மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறதே... அந்த வீட்டுக்காரன்தான். இன்றைக்கு லோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். இருந்திருந்தால் இதைச் சொல்லவே விடமாட்டான். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மனுஷனையே நம்பாதவன், பேயை எங்கே நம்புவது? பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

"நண்டு போனே எடுக்கலண்ணே. நேத்துலருந்து," என்றான் மீசை.

நண்டு அவனுடைய ஒரே மகள். சின்ன வயதில் ஓர் இடத்தில் நிற்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடும். பேர் ஒட்டிக்கொண்டது. வளர்ந்து பல்கலைக்கழகம் போனாளே, அங்கே எடுத்த படிப்பும் நண்டு, நத்தை, புழுதான். முதுகெலும்பில்லாத பிராணிகளாம். "அதுக்கு எதுக்கும்மா அவ்வளவு தூரம்? எங்க ஆபீசுக்கு வா. மேனேஜர்லருந்து வரிசையா காட்டுறேன்," என்றேன். "அதுங்க பாவம் பெரியப்பா. அவங்களோட சேர்க்காதீங்க," என்றாள். வாய் அப்படி.

அந்த வாய் அங்கே போய் அடங்கிவிட்டது. அந்தப் படிப்புக்கு அவள் ஒருத்திதான். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் வேலை கிடைக்கிற பாடமாகப் பார்த்து நழுவிவிட்டார்கள். விடுதி அறையிலும் தனி. ஒருநாள் போன் பண்ணினேன். குரல் கரகரத்தது. சளியா என்று கேட்டேன். இல்லை, இன்றைக்கு இப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறக்கிறேன் என்றாள். அப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அதற்கு முந்தின வருஷம் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டாள். எல்லாம் ஒரு கடல்சாமந்தியால் வந்தது. பாறையில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி விரிந்திருக்கும். பூ இல்லை, பிராணி. இதழ் போலத் தெரிவதெல்லாம் விரல்கள். தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். அதை விரிந்தபடியே பாட்டிலில் அடைத்துக் கொடுக்க வேண்டும். அவள் கொடுத்தது சுருங்கிக் கிடந்தது. "இந்தத் தடவையும் போச்சுன்னா பெட்டியக் கட்டிட்டு வந்துரு," என்று மீசை கறாராகச் சொல்லிவிட்டான். விடிந்தால் அவள் பாட்டிலைக் கொடுக்க வேண்டிய நாள்.

அதை விரிந்தபடி எடுக்க ஒரு பக்குவம் உண்டு. அவளே எனக்குச் சொன்னது. கண்ணாடித் தொட்டியில் கடல்தண்ணீரை ஊற்றி அதில் அதை விட வேண்டும். தண்ணீர்மேல் மென்தால் தூள்... தலைவலித் தைலத்தில் போடுகிறார்களே, அதுதான். விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, மேசை அதிராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அது மெல்ல மயங்கும். அவ்வப்போது ஒரு தலைமுடியால் விரல்நுனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இழுத்துக்கொண்டால்... இன்னும் மயங்கவில்லை. இழுத்துக்கொள்ளாவிட்டால் பக்குவம் வந்துவிட்டது. பிணம் கெடாமலிருக்கப் போடுவார்களே, அந்த பார்மலினை ஊற்றிவிடலாம்.

உள்ளே ஆள் அப்படி உட்கார்ந்திருந்தால் கதவின் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டி வைப்பார்கள். துணி தொங்கினால் யாரும் தட்டக்கூடாது. திறக்கவும் கூடாது. அந்தக் கட்டிடத்தில் அதுதான் சட்டம்.

போய்ச் சேர்ந்தோம். பெரிய கட்டிடம், ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை. வாட்ச்மேன் டார்ச் அடித்துக்கொண்டே மாடிக்குக் கூட்டிப்போனார். பாப்பா நேற்று ராத்திரி துணி கட்டியது, இன்னும் அவிழ்க்கவில்லை என்றார். சாப்பிட வந்தாளா என்று மீசை கேட்டான். அவர் டார்ச்சை முன்னால் அடித்தபடி நடந்தார். வழியில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பாட்டில் பாட்டிலாகக் கடல்சாமந்தி. ஒவ்வொன்றும் விரியத் திறந்து... இப்போதுதான் பூத்த மாதிரி.

எல்லாம் ஒரு பழைய வாத்தியார் செய்தவையாம். குடும்பம் இல்லை, குட்டி இல்லை. தலை முழுக்க நரை. தொட்டுப் பார்க்கத் தன் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கிக்கொள்வாராம். ஒரு தடவை துணி கட்டினார். மறுநாளும் துணி தொங்கியது. அதற்கு மறுநாளும் தொங்கியது. சட்டமாயிற்றே, யாரும் தட்டவில்லை. கடைசியில் நாற்றம் வந்துதான் திறந்தார்கள். முக்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். நீட்டிய கை நீட்டியபடி... விரலிடுக்கில் அந்த முடி.

"எந்த ரூம்ல?" என்றேன்.

வாட்ச்மேன் டார்ச்சைத் தூக்கி எதிரே இருந்த கதவில் அடித்தார். கைப்பிடியில் வெள்ளைத் துணி.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். அன்றைக்கு இந்தக் கழுதைக்குத் தெரிந்தது. கதவிடுக்கில் குளிர்ந்த தைல வாசனை... கண் எரிந்தது. அப்போது உள்ளே ஒரு சத்தம். கண்ணாடி மூடியைத் திருகும் சத்தம். கிரீச்... கொஞ்சம் நின்று, மறுபடியும் கிரீச்...

"தெறக்கக் கூடாது சார், துணி இருக்கு," என்றார் வாட்ச்மேன்.

"உள்ள இருக்குறது எம் பொண்ணுய்யா," என்றான் மீசை. தோளால் இடித்தான். கதவு திறந்துகொண்டது.

டார்ச் வெளிச்சத்தில் நண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை மேசைமேல், புறங்கை மேலே தெரிய. கண் திறந்திருந்தது. மீசை கூப்பிட்டான், உலுக்கினான். அசைவில்லை. தொட்டியில் கடல்சாமந்தி முழுசாக விரிந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு முக்காலி. ஆள் இல்லை. அதன் முன்னால் பார்மலின் பாட்டில், திறந்தபடி. பக்கத்தில் அதன் கண்ணாடி மூடி... இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

அவள் கை எட்டாத தூரம் அது. நான் பார்த்தேன்.

வெளியே தூக்கிவந்து முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் வாய் திறந்தாள். ஒரு வாரமாகவே இப்படித்தானாம். இருட்டில் உட்கார்ந்தால் புறங்கையில் ஏதோ மெல்லிசாகத் தொடும். வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வாளாம். எதிர் முக்காலி கிரீச்சிடும். மேசை அதிரும். தொட்டியில் இருப்பது சுருங்கிவிடும். தினமும் இதே கதை. இன்றைக்கும் சுருங்கினால் அப்பா சொன்னபடி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று, தொட்டபோது கையை இழுக்காமல் வைத்துக்கொண்டாளாம். அப்புறம்தான் மூடி திருகும் சத்தம் கேட்டதாம்.

"அது கேட்டதும் எந்திரிச்சு ஓடி வர வேண்டியதுதானேம்மா?"

தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒருத்தர் என்னைத் தொட்டு எவ்வளவோ நாளாச்சு பெரியப்பா."

மீசை திரும்பிக்கொண்டான். அவள் புறங்கையில் ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். நீளமாக, ஒற்றை நரைமுடி.

அடைத்த அறை, ராப்பகலாகத் தைலக் காற்று, வெறும் வயிறு... தலை சுற்றி என்னவோ தோன்றியிருக்கும். நான் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். மூடி எப்படி உருண்டது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

மீசை கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, அவளே போய் பார்மலினை ஊற்றினாள். தேர்விலும் தேறிவிட்டாள். அவளுடைய பாட்டிலும் அந்தக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறதாம். படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் ராத்திரி அவள் படுக்கிற அறையில் மட்டும் அந்தத் தைல வாசனை. அந்த வீட்டில் யாரும் தைலம் தடவுவதில்லை.

அவள் அம்மா ஒன்று செய்கிறாள். மீசைக்குத் தெரியாது, எனக்குத் தங்கச்சி மாதிரி, என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். மகள் கண் அசந்ததும் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அவள் புறங்கையைத் தொட்டுப் பார்ப்பாளாம். கையை இழுத்துக்கொண்டால் நிம்மதியாக விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பாள்.

அதுதான் அந்த மாடி ஜன்னல். தினமும் நாம் இங்கே வந்து உட்காருவதற்கு முன்பே அணைந்துவிடும். இன்றைக்கு... நான் கதையை ஆரம்பித்தபோதும் எரிந்தது. பாருங்கள், இப்போதும் எரிகிறது.

போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். யாராவது ஒருத்தன் என்னோடு எழுந்து வாருங்கள். தனியாகப் போயிருப்பேன்... அந்த வாசல் கதவின் கைப்பிடியில் இப்போது தொங்குகிற வெள்ளைத் துணி, சாயங்காலம் நான் பார்த்தபோது அங்கே இல்லை.