இசைத்தட்டில் விட்ட இடைவெளி

மாலை ஐந்து மணி. நவம்பர் மாதம்... எங்கள் மலை இடுக்கில் அந்த மாதத்தில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். லாரல் ஓடையை ஒட்டிப் போகிற வண்டிப் பாதை. ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் செங்குத்தாக மலை. நடுவில் ஒரு வீடு கிடையாது. அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். கையில் விளக்கு இல்லை.

சிரிக்காதே, லோனி. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பது சுலபம். எல்லாரும் பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டே கேளுங்கள். உங்கள் கை நின்றால் என் கதையும் நின்றுவிடும்.

அவள் பெயர் வெர்சி. என்னோடு நிலக்கரி அள்ளிய டென்வர் இருந்தானே, அவனுக்குச் சொந்த அத்தை. டென்வருக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாட்டத்தில் அவன் ஒருநாளும் ஜெயிக்காமல் போனதே அதனால்தான். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

வெர்சியின் கணவர் ஆர்லிஸ், லாரல் ஓடைத் தேவாலயச் சபையில் பாட்டுக்கு வரி எடுத்துக் கொடுப்பவர். நம் சபையைப் போலத்தான் அதுவும். வாத்தியம் கிடையாது. ஒருவர் எழுந்து ஒரு வரியை மளமளவென்று பாடிக் கொடுப்பார். சபை மொத்தமும் அதையே இழுத்து இழுத்துப் பாடும். அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைக் கொடுப்பார். கொடுத்த வரியைப் பாடாமல் விடுகிற வழக்கமே இல்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்திருப்பவள்கூட வாயசைப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம் கோடையில், ரயில் நிற்கிற ஊருக்கு நியூயார்க்கிலிருந்து ஒலிப்பதிவுக்காரர்கள் வந்தார்கள். தொப்பிக் கடை மாடியை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, மலைக்காரர்களின் பாட்டை இசைத்தட்டில் பிடிக்கிறோம் என்றார்கள். பிடில்காரன், பாஞ்சோக்காரன் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஓடினார்கள். ஆர்லிஸும் போனார். அவருக்கு ஆசை. அதில் என்ன தப்பு?

ஆனால் சபைப் பாட்டைத் தனியாளாகப் பாடக் கூடாது என்று ஊரில் பலர் சொல்லிப் பார்த்தார்கள். ஒலிப்பதிவுக்காரர்களோ ஒரு குரல் போதும், கூட்டம் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆர்லிஸ் மைக்கின் முன்னால் நின்றார். ஒரு வரி கொடுத்தார். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சபை பாட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா நின்றார்... மெழுகுத் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாடு, பாடு என்று ஒலிப்பதிவுக்காரர் கையை ஆட்டுகிறார். ஆர்லிஸ் அசையவில்லை. அப்புறம் அடுத்த வரி. மறுபடி அதே மௌனம்.

மூன்று நிமிஷம் ஆனதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், தட்டில் இடம் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் ஆர்லிஸ் ஒரு வரியைக் கொடுத்து முடித்திருந்தார். யாரும் பாடாத வரி. "அதை அப்படியே நிக்க விடக் கூடாதுங்க"ன்னு கெஞ்சியிருக்கிறார். பரவாயில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று அவரை அனுப்பிவிட்டு அடுத்த பாஞ்சோக்காரனை உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஆர்லிஸ் வேலை செய்த நிலக்கரிச் சுரங்கத்தின் உள்கூரை விழுந்தது. அவர் உள்ளே இருந்தார். கூடவே அவர் ஷிப்ட் ஆட்களும். பின்னாலேயே தீயும் பிடித்தது. தீயை அணைக்க வேறு வழியில்லை என்று அந்தச் சுரங்க வாயைக் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டார்கள். உடல்கள் வெளியே வரவில்லை. பக்கத்திலேயே புது வாய் வெட்டி, குளிர் முடிவதற்குள் வேலையும் தொடங்கிவிட்டது. வெர்சி அழவில்லை என்று டென்வர் சொன்னான். சோள ரொட்டி சுட்டாள், பசுவைக் கறந்தாள், படுக்கையில் தன் பக்கத்தில் மட்டும் படுத்தாள். யாராவது பேசினால் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

வசந்த காலத்தில் தபாலில் ஒரு தட்டு வந்தது. விற்பனைக்கு ஆகாது, மௌனம் அதிகம், நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆர்லிஸுக்கே அனுப்பியிருந்தார்கள். தபால் வருவது டாலிவரின் கடைக்கு. கிராமபோன் இருப்பதும் அங்கேதான். அன்று தொடங்கி சனிக்கிழமைதோறும் வெர்சி கடைக்கு நடந்தாள். டாலிவர் கைப்பிடியைச் சுற்றி ஊசியை வைப்பார். ஆர்லிஸ் ஒரு வரி கொடுப்பார். வந்த மௌனத்தில், சரசரவென்ற இரைச்சலுக்கு நடுவே, வெர்சி மெதுவாகப் பாடி முடிப்பாள். ஆள் இல்லை, குரலாவது தனியாக நிற்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவளுக்கு இருமல். பாட முடியவில்லை. ஆர்லிஸ் வரியைக் கொடுத்தார்... இடைவெளி வந்தது... அந்த இடைவெளி காலியாக இல்லை.

ஆம்பிளைக் குரல்கள். ரொம்ப தூரத்தில். வாயில் கரித்தூள் அடைத்துக்கொண்டு பாடினால் எப்படி இருக்கும், அப்படி. வரியை இழுத்து, சபையில் அடங்குவது போலவே அடங்கின. டாலிவரும் கேட்டார். கடைக்குள் நெருப்பு அணைந்த ஈரக் கரி வாடை அடித்ததாம். எல்லாம் ஆர்லிஸோடு உள்ளே போனவர்களின் குரல்கள். ஒவ்வொன்றும் தெரிந்த குரல். டாலிவர் ஊசியை எடுக்கப் போனார். வெர்சி தடுத்துவிட்டாள்.

"விடுங்கண்ணே. அவருக்குச் சபை கிடைச்சிருச்சு."

அவள் பயப்படவில்லை. அதற்கெல்லாம் அவளுக்குள் இடமே மிச்சம் இல்லை. அதன் பிறகும் சனிக்கிழமைதோறும் வந்தாள். வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது அந்த நவம்பர் மாலைக்கு வருகிறேன். ஏன் எல்லாரும் நெருங்கி நெருங்கி உட்காருகிறீர்கள்? இடமா இல்லை?

அன்று நாலரை மணிக்குத் தட்டைப் போட்டார்கள். முதல் இடைவெளி. அதே குரல்கள். அவற்றுக்கு மேலே புதிதாக ஒன்று... இளங்குரல். வரியின் கடைசியில் லேசாக உடைந்து மேலே போகிற குரல். சபையில் பின் பெஞ்சில் அந்தக் குரலைக் கேட்டுப் பழகாதவர்கள் லாரல் ஓடையில் இல்லை. வெர்சியின் மகன் டெல்மர். ஒரே பிள்ளை. அன்று பகல் மூன்று மணிக்குத்தான் சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் போயிருந்தான்.

"இன்னொரு தடவை போடுங்க"ன்னாள். டாலிவர் முடியாது என்றார். அவள் பார்த்த பார்வையில் போட்டார். டெல்மர்தான். சந்தேகமே இல்லை. அவள் முக்காட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். விளக்கு எடுத்துப் போகச் சொன்னதுகூட அவள் காதில் விழவில்லை. கடையிலிருந்து சுரங்கத்துக்குப் போகிற பாதைதான் நான் முதலில் சொன்ன பாதை.

போய் என்ன சொல்வாள்? செத்தவன் பாடின தட்டில் உயிரோடு இருப்பவன் குரல் கேட்டது, அவனை வெளியே அனுப்புங்கள் என்றா? மேஸ்திரி சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். வெர்சிக்கு அது தெரியும். அவளுக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. சுரங்கத்துக்குள் பெண் கால் வைத்தால் ஒரு ஆம்பிளையும் உள்ளே நிற்க மாட்டான். அன்றைய கூலி போனாலும் சரி, வெளியே வந்துவிடுவான். மலைக்கு ஆகாது என்று நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். வெர்சியும் அப்படித்தான் வளர்ந்தாள். கணவன் வேலைக்குக் கிளம்பும்போது எதிரில்கூட வரமாட்டாள்.

புது வாயின் முன்னால் நின்றாள். உள்ளிருந்து, ஆட்கள் தொப்பியில் மாட்டுகிற கார்பைடு விளக்கின் அழுகின பூண்டு வாடை. எங்கோ சொட்டு... சொட்டு... என்று தண்ணீர். மேஸ்திரி பார்த்துவிட்டு, "ஏம்மா, அங்கேயே நில்லு"ன்னு கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவள் நிற்கவில்லை. தண்டவாளத்தின் நடுவே, ஒவ்வொரு குறுக்குக் கட்டையாகக் கால் வைத்து, இருட்டுக்குள் நடந்தாள். போகிற வழியில் ஒரு கோவேறு கழுதை அவளைப் பார்த்துப் பின்வாங்கியதாம். அதன் பிறகு என்ன பார்த்தாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பொம்பளை உள்ள வந்துட்டா என்ற சேதி அவளுக்கு முன்னால் ஓடியது. மொத்த ஷிப்டும் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியே வந்தது. டெல்மரும் வந்தான். கடைசியாக அவளும் வந்தாள்.

மலை விழவில்லை.

எல்லாரும் நின்று காத்திருந்தார்கள். கூரை முறியவில்லை, ஒரு கல் உருளவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. இனி மகன் பின்னாலேயே பால் புட்டியும் கொண்டுவா என்று ஒருத்தன் கேலி செய்தான். மேஸ்திரி அங்கேயே டெல்மரை வேலையிலிருந்து நீக்கினார். பாவம், பையன் அவமானத்தில் குன்றிப்போனான்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? இனி இந்த ஊர்ல எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"வெளிய வந்துட்டேல்ல. வீட்டுக்கு வா. பீன்ஸ் ஆறிப்போகுது."

அவள் சொன்னது அவ்வளவுதான். கிசுகிசுவென்று சொன்னாள். சுரங்கக் காற்றில் தொண்டை கட்டிக்கொண்டது என்று டெல்மர் நினைத்தான்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனாள். டாலிவர் வேண்டாம் என்பதுபோல் பார்த்தார். ஆனாலும் போட்டார். ஆர்லிஸ் வரியைக் கொடுத்தார். குரல்கள் எழுந்தன. டெல்மர் அதில் இல்லை... ஒரு பெண்குரல் இருந்தது. சுரங்கத்தில் செத்தவர்களில் பெண் ஏது? டாலிவர் நிமிர்ந்து வெர்சியைப் பார்த்தார். அவள் நாற்காலியில் உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் பாடுவது அவள் குரல்.

வெர்சிதான் பேசினாள், அதே கிசுகிசுப்பில்.

"அவன் இல்லையேண்ணே?"

"இல்ல."

"நல்லாக் கேட்டீங்களா?"

"கேட்டேன். அவன் இல்ல, வெர்சி."

"அப்ப சரி. இனிமே இதைப் போட வேண்டாம்."

தட்டை உறையில் போட்டு, மாவுச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதை யாரும் மறுபடி போடவில்லை. அவள் சாகவில்லை. டெல்மர் மர அறுப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். வெர்சி பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். ஆனால் ஒரு வார்த்தைகூட அவள் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. சபைக்கு வருவாள், முன் பெஞ்சில் உட்காருவாள், பாட்டு நேரத்தில் வாயசைக்கக்கூட மாட்டாள். மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றாராம்.

டாலிவர் சாகும் முன்பு எல்லாவற்றையும் டெல்மரிடம் சொல்லிவிட்டார். அதுவரை தாயிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசாதவன், அதன் பிறகு தந்தையின் இடத்தில் எழுந்து நின்று வரி கொடுக்கத் தொடங்கினான்.

டென்வரின் அப்பா, அதாவது வெர்சியின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து அந்தச் சபைக்கு வந்தார். டெல்மர் வரி கொடுத்தான். சபை பாடி முடித்தது. டெல்மர் அடுத்த வரியைக் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஊர்க்காரர்கள் யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மறந்துவிட்டானோ என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டென்வரின் அப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"இருங்க மாமா"ன்னான் டெல்மர், மெதுவாக. "அம்மா இன்னும் முடிக்கலை."

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். வெர்சி மடியில் கையைக் கோத்துக்கொண்டு, வாயை இறுக மூடி, மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது, தரைப் பலகைக்குக் கீழே, ரொம்ப ஆழத்தில், யாரோ ஒரு வரியை இழுத்து முடிக்கும் அதிர்வு அவருடைய பூட்ஸ் வழியாகக் காலில் ஏறியது.